அப்பா வெளியே போவதையே நிறுத்திவிட்டார்: முதுமையில் சிறுநீர்த் தொல்லை பற்றிச் சில கேள்விகள்

தெற்குவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 72. மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுடன் மன்னார்குடியில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக அவர் தம் பழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். முதலில் சென்னையில் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. பிறகு உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு அம்மாவை மட்டும் அனுப்பத் தொடங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக மாலை வேளைகளில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருபவர், அதையும் விட்டுவிட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார், வெயில் என்பார். என் மனைவி மீது ஏதோ மனத்தாங்கல் என்று நானும், என் மீதுதான் கோபம் என்று அவளும் நினைத்துக்கொண்டு எங்களுக்குள் வீண் பேச்சு வளர்ந்ததுதான் மிச்சம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கூடத்தில் படுத்திருந்தேன். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. முற்றத்தைக் கடந்து, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். இரவு பத்தரை மணிக்கு விளக்கை அணைத்த பிறகு விடிவதற்குள் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஐந்து முறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரும் விழித்துவிடக் கூடாது என்பதற்காக அவர் விளக்கைப் போடாமலேயே சுவரைத் தடவிக்கொண்டு போய் வந்தார். விடியற்காலையில் அம்மா எழுவதற்கு முன்னால் கிணற்றடியில் தம் வேட்டியைத் தாமே அலசிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் தம் துணியைத் தாம் துவைத்தறியாத மனிதர் அவர். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

அம்மாவிடம் தனியாகக் கேட்டபோதுதான் இது மூன்று ஆண்டுகளாக நடக்கிறது என்று தெரிந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லையாம். நீர் பிரியத் தொடங்கவே நேரமாகிறது, மெலிதாக வருகிறது, முடிந்துவிட்டது என்று எழுந்த பிறகும் சொட்டுகிறது என்று ஒரு முறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு உள்ளூரில் ஒரு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். புராஸ்டேட் சுரப்பி 46 கிராம், இரண்டாம் நிலை வீக்கம் என்று அறிக்கையில் இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் போட்டதும் எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதால் நிறுத்திவிட்டார். சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். “வயதானால் இதெல்லாம் இருக்கும்” என்பதே அவருடைய முடிவான பதில் என்கிறார் அம்மா.

என் கேள்விகள் இவை. இது உண்மையிலேயே வயதோடு வரும் இயல்பான தளர்ச்சிதானா, அல்லது மருத்துவம் பார்க்க வேண்டிய நோயா? அறுவை சிகிச்சைதான் வழி என்றால், அதன் பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடே போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆனது. அந்த அச்சம் சரியானதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் பற்றி அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது? நானும் அவரும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டவர்கள் அல்லர்.

—

பழைய நடத்துநர் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேட்டியை அலசும் இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் நானும் அதே வேலையைத்தான் விடியற்காலையில் செய்துகொண்டிருந்தேன்.

நான் பேருந்து நடத்துநராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எனக்கு இப்போது வயது 69. இந்தத் தொல்லை உள்ளவனுக்கு ஊர் வேறு மாதிரி தெரியும் என்பதை வெளியே இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். எந்தத் தேநீர்க் கடைக்குப் பின்னால் ஒதுங்க இடம் உண்டு, எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருப்பார்கள், எந்தக் கல்யாண மண்டபத்தில் மாடி ஏற வேண்டும் என்பதெல்லாம் மனத்துக்குள் ஒரு வரைபடமாகவே இருக்கும். மண்டபத்தில் நுழைந்ததும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடும். பந்தியில் நடுவில் உட்கார மாட்டேன். ஓரத்து இலைதான் வேண்டும். இழவு வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் வாசலைக் கடந்து கொல்லைக்குப் போகக் கூச்சப்பட்டு, நெருங்கிய நண்பனின் மையித்துக்குக்கூடக் கால் மணி நேரம் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வெள்ளை வேட்டியை விட்டுவிட்டுக் கருநீலக் கைலிக்கு மாறினேன். பேரன் மடியில் வந்து உட்கார்ந்தால், எங்கே வாடை தெரிந்துவிடுமோ என்று அவனை இறக்கிவிட்டிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

எனக்குக் கூடுதலாக ஒரு வேதனை இருந்தது. தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி உளூ செய்துவிட்டு நிற்கும்போதே ஒரு சொட்டு வந்துவிட்டதோ என்ற ஐயம் வரும். மறுபடியும் போய் உளூ செய்வேன். மறுபடியும் ஐயம் வரும். கடைசியில் பள்ளிவாசலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வராதவன் என்று ஊரில் பேச்சு வந்தது. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருநாள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். நீர் நிற்காமல் கசிகிறவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக உளூ செய்துகொண்டு தொழலாம், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும் என்று அவர் விளக்கினார். அன்று நான் பட்ட நிம்மதி பெரிது. உங்கள் அப்பா கோயிலுக்குப் போகிறவராக இருந்தால், சுத்தம் பற்றிய இந்தத் தயக்கம் அவருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே சொல்லமாட்டார்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நானும் வயதுக் கோளாறு என்றுதான் தள்ளிப்போட்டேன். ஒரு மார்கழி மாதம் சளி பிடித்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியும்போது ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. அந்த வலியை என்னால் எழுத முடியாது. அரசு மருத்துவமனையில் குழாய் போட்டு எடுத்ததும்தான் உயிர் வந்தது. சில வாரங்கள் மாத்திரையோடு குழாயை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் அடைத்தது. பிறகு வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வெளிவரும் குழாயான நீர்த்தாரை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். முதல் சில வாரங்கள் எரிச்சலும், அவ்வப்போது நீரில் இரத்தமும், அடக்க முடியாத அவசரமும் இருந்தன. அதன் பிறகு இந்த நான்கு ஆண்டுகளாக இரவில் ஒரு முறை எழுகிறேன். சில நாள் அதுவும் இல்லை.

எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்டீர்கள். அம்மாவையோ மருமகளையோ வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தும் கேட்காதீர்கள். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது கேளுங்கள். வேட்டியைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றிச் சொல்லுங்கள். 31 ஆண்டுகள் ஊரெல்லாம் சுற்றிய ஒரு நடத்துநருக்கே இப்படி ஆனது என்று சொல்லுங்கள். என்னிடம் என் மச்சான் தன் கதையைத்தான் முதலில் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

—

ஊர்மருத்துவர் எழுதியது:

நான் சிறுநீரியல் வல்லுநர் அல்லன். ஒரு மாவட்டத் தலைநகரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். அப்பாவை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் கேட்டவற்றுக்குச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

சுரப்பி வளர்வது இயல்பு. அதனால் வாழ்க்கை சுருங்கிப்போவது இயல்பு அன்று. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்ப்பையின் வாயிலில், நீர்த்தாரையைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருப்பது புராஸ்டேட். இளமையில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். அறுபது வயதை எட்டிய ஆண்களில் பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கும் அது ஓரளவு வளர்ந்திருக்கும். ஆனால் 80 கிராம் வளர்ந்தும் தொல்லையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 30 கிராமிலேயே நீர் அடைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் உள்ள 46 கிராம், இரண்டாம் நிலை என்ற சொற்களை வைத்துக்கொண்டு அவருடைய துன்பத்தை அளக்க முடியாது.

அளப்பதற்கு வேறு ஒரு கருவி இருக்கிறது. உலகெங்கும் சிறுநீரியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் அது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1992இல் உருவாக்கிய ஏழு கேள்விகளே அதற்கு அடிப்படை. நீர் முழுவதும் கழியாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக நேர்வது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாத அவசரம், தாரை மெலிவது, முக்க வேண்டியிருப்பது, இரவில் எழுவது ஆகியவை கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை நேர்ந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35. ஏழு வரை இலேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் கடுமை. இந்த ஏழுக்கும் பிறகு, மதிப்பெண்ணில் சேராத எட்டாவது கேள்வி ஒன்று உண்டு. இப்போது இருக்கும் இதே நிலையிலேயே மீதி வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதே அது. மகிழ்ச்சி என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 6. சிகிச்சை எப்போது தேவை, எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்ய எனக்குப் பெரிதும் உதவுவது இந்த எட்டாவது கேள்விதான். மதிப்பெண் 12 மட்டுமே இருந்தும், ஓட்டுநர் வேலையை விட வேண்டிய நிலைக்கு வந்த ஒருவருக்கு அது பெருந்துன்பம். 18 இருந்தும் வீட்டோடு நிம்மதியாக இருப்பவரைச் சில காலம் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். உங்கள் அப்பா குளக்கரை நடையையும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவதையும் விட்டுவிட்டார் என்பதே, என் பார்வையில், அவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட பதில்.

இரவில் ஐந்து முறை எழுவதற்குப் புராஸ்டேட் மட்டுமே காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி லிட்டர் கழித்தார், என்ன குடித்தார் என்று அளவுக் குவளையில் அளந்து எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் கழியும் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறங்கும் நேரத்தில் கழிகிறது என்றால், சிறுநீரகம் இரவில் கூடுதலாக நீரை உண்டாக்குகிறது என்று பொருள். கட்டுக்குள் வராத சர்க்கரை, பகல் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதால் கணுக்காலில் தேங்கும் நீர், இதயத் தளர்ச்சி, குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் உறக்கம், மாலையில் போடப்படும் நீர் இறக்கும் மாத்திரை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கத்தை உண்டாக்கும். பகலில் காலில் தேங்கிய அந்த நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து இரவில் சிறுநீராக இறங்கும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தாலே சிலருக்கு இரவில் ஒரு முறை குறைகிறது. சர்க்கரைக்கான சில புதிய மாத்திரைகளும் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. அவையும் சிறுநீரைக் கூட்டும். ஆகவே எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயில் சிறுநீர்ப்பையின் நரம்பே தளர்ந்திருக்கவும் கூடும். அப்போது அடைப்பை நீக்கினாலும் முழுப் பயன் கிடைக்காது. அதனால்தான் நீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்பதை ஸ்கேனில் பார்ப்பது முக்கியம்.

தண்ணீரை அடியோடு நிறுத்துவது தவறு. நீர் கெட்டியாகி எரிச்சலையும் தொற்றையும் கல்லையும் உண்டாக்கும். பகலில் போதுமான அளவு குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் குறைத்துக்கொள்ளலாம். மாலைக் காப்பியையும் தேநீரையும் விட்டுப் பார்க்கலாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து நிதானமாகக் கழித்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு முறை முயல்வதும், முடிந்த பிறகு விதைப்பைக்குப் பின்னால் விரலால் முன்னோக்கி நீவிவிடுவதும் சொட்டுவதைக் குறைக்கும்.

அவருக்குத் தலை சுற்றிய மாத்திரை அநேகமாக டாம்சுலோசின் வகையாக இருக்கும். இது சிறுநீர்ப்பை வாயிலின் தசையைத் தளர்த்துவது. சில நாட்களிலேயே பயன் தெரியும். ஆனால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கவும் கூடும். அதற்காக மருந்தையே கைவிட வேண்டியதில்லை. உணவுக்குப் பிறகு சாப்பிடச் செய்வது, அழுத்த மாத்திரையின் அளவைத் திருத்துவது, அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றுவது என்று வழிகள் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்வதாக இருந்தால், இந்த மாத்திரையை எப்போதாவது சாப்பிட்டிருந்தாலும் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள திரை தளர்ந்து, கண்மணி எதிர்பாராமல் சுருங்கக்கூடும். சுரப்பியையே சிறிதாக்கும் பினஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு போன்ற மருந்துகள் வேறு வகை. அவற்றுக்குப் பலன் தெரிய ஆறு மாதம்வரை ஆகும். புராஸ்டேட் புற்றுநோய் உண்டா என்று ஐயம் தீர்க்க இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவை அவை பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனை செய்பவருக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மருந்துக்கு அடங்காத தொல்லை, திரும்பத் திரும்ப அடைப்பு, தொற்று, பையில் கல், சிறுநீரகம் பாதிக்கப்படுவது போன்ற நிலைகளில்தான் செய்கிறோம். உங்கள் தெருவில் கட்டுப்பாட்டை இழந்தவருக்கு நடந்தது எந்த அறுவை என்று விசாரியுங்கள். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக அகற்றும் அறுவை வேறு. வீக்கத்துக்காக உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பது வேறு. முன்னதில் நீர் கசிவது பலருக்கும் உண்டு. பின்னதில் நிரந்தரமாகக் கட்டுப்பாடு போவது மிக அரிது. இரண்டுக்கும் ஊரில் “புராஸ்டேட் ஆபரேஷன்” என்ற ஒரே பெயர் வழங்குவதால் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். உட்பகுதியை எடுத்த பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் செல்வது பெரும்பாலோருக்கு நேரும். அதனால் தீங்கில்லை என்றாலும், முன்பே சொல்லிவிடுவதுதான் முறை. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் விரல் பரிசோதனையும் பிஎஸ்ஏ பரிசோதனையும் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு நடுக்கம், அடிவயிறு உப்பியும் நீர் வராமை, கால் மரத்துப்போவதோடு நீரும் மலமும் தெரியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடத்துநர் ஐயா சொன்ன சளி மாத்திரை அனுபவத்தை நான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

—

மாடித்தோட்டம் எழுதியது:

தெற்குவீதி அவர்களுக்கு, உங்கள் அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் கணவர் இதே தொல்லையோடு ஏழு ஆண்டுகள் இருந்தார். அவர் எழும் ஒவ்வொரு முறையும் நானும் விழித்துக்கொள்வேன். அவர் திரும்பி வந்து படுக்கும் சத்தம் கேட்கும்வரை கண் மூடாது. பகலில் இருவருக்கும் சிடுசிடுப்பு. காரணம் தெரியாமலேயே ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுந்தோம். நான் விழித்திருப்பது தெரிந்தால் வருந்துவார் என்று தூங்குவது போல் படுத்திருப்பேன். எழுப்பிவிடுவோமோ என்று அவர் ஒரு கட்டத்தில் கூடத்தில் படுக்கத் தொடங்கிவிட்டார். நாற்பது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர்கள் பிரிந்து படுத்தோம். அதை அவர் வெறுப்பு என்று நினைத்தாரா, நான் அப்படி நினைத்தேனா என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ஒரு மழைக்கால இரவில், மூன்று மணி இருக்கும், முற்றத்துக் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகள் அந்த ஒரு இரவினால் படுக்கையில் கழிந்தன. ஆகவே மருத்துவர் சொன்னதையெல்லாம் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால், இந்த வாரமே, அந்த இரண்டு படிகளுக்கும் கைப்பிடி வையுங்கள். கட்டிலிலிருந்து கொல்லைவரை அணையாத சிறு விளக்குப் போடுங்கள். முடிந்தால் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்று கட்டுங்கள். அதுவரை மூடியுள்ள சிறுநீர்க் குடுவை ஒன்றைக் கட்டிலுக்கு அருகில் வைக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும். என் கணவர் முதலில் மறுத்தார். அம்மா அதை ஒரு செம்பை எடுத்து வைப்பது போல ஒன்றும் பேசாமல் எடுத்து வைத்தால், ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

—

நெல்லைவாசி எழுதியது:

நெருஞ்சில் கஷாயமும் சிறுபீளைக் கஷாயமும் கொடுத்தால் நீர் தாராளமாகப் பிரியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இதை முயன்று பார்க்கலாமா?

—

மூலிகைமுற்றம் எழுதியது:

நெல்லைவாசி அவர்களே, நான் சித்த மருத்துவம் படித்தவள். நீங்கள் சொல்லும் மூலிகைகள் நீரைப் பெருக்குபவை என்றே எங்கள் நூல்களில் வருகின்றன. சிறுநீர்ப்பையின் வாயில் அடைபட்டிருக்கும்போது நீரைப் பெருக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பையில் எவ்வளவு மிச்சம் தங்குகிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இந்த வயதில், சர்க்கரையும் உள்ளவருக்கு, நான் கஷாயம் கொடுக்க மாட்டேன். அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடலின் இயல்பான உந்துதல்கள், பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. அவற்றில் சிறுநீரும் ஒன்று. ஒதுங்க இடமில்லாமல் பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் பெரியவர்கள் அதை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. சுத்தமான பொதுக் கழிப்பறையும் முதியோர் மருத்துவத்தில் சேர்ந்ததே.

—

தெற்குவீதி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. மாடித்தோட்டம் அம்மா, உங்கள் பதிவைப் படித்த மறுநாளே ஊருக்குப் போய்ப் படிக்குக் கைப்பிடியும் வழிநெடுகச் சிறு விளக்குகளும் வைத்துவிட்டேன். கூடத்தை ஒட்டிய பழைய சாமான் அறையைக் கழிப்பறையாக மாற்றும் வேலை நடக்கிறது.

நடத்துநர் ஐயா சொன்னபடியே, ஒருநாள் மாலை அப்பாவைக் குளக்கரைக்கு அழைத்துப் போனேன். வடகரையில் தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அங்கே போய்க்கொள்ளலாம் என்று முன்னதாகவே ஏற்பாடு செய்து, அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பாதித் தூரம் நடந்ததும் உங்கள் கதையைச் சொன்னேன், ஐயா. நண்பரின் மையித்துக்குப் போய் உடனே திரும்பிய இடத்தில் அப்பா நின்றுவிட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, தம் அண்ணன் இறந்தபோது காடுவரை போகாததற்கும் இதுதான் காரணம் என்றார். பெரியப்பா வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

குறிப்பேடு எழுத வேண்டும் என்றதும் அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டி, மணி, அளவு, குடித்தது என்று மூன்று நாளும் ஒன்று விடாமல் எழுதிச் சராசரியும் போட்டுவிட்டார். நாளொன்றுக்கு 1,650 மில்லி லிட்டர். அதில் 760 இரவில், அதாவது 46 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கைவிட எவ்வளவு கூடுதல் என்று எனக்கே விளக்கினார். கேள்வித்தாளில் மொத்தம் 22 வந்தது. எட்டாவது கேள்விக்கு முதலில் 3 என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டைக் கேட்டு வாங்கி அதை அடித்துவிட்டு 5 என்று எழுதினார்.

தஞ்சாவூரில் ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நீர் கழித்த பிறகும் பையில் 140 மில்லி லிட்டர் தங்குகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. விரல் பரிசோதனையிலும் பிஎஸ்ஏ அளவிலும் ஐயப்பட ஒன்றுமில்லை என்றார். சர்க்கரைதான் எல்லை மீறியிருந்தது. காலில் வீக்கமும் இருந்தது. அழுத்த மாத்திரையை மாற்றி, சர்க்கரைக்கு மருந்தைத் திருத்தி, தலை சுற்றாத வகையில் புராஸ்டேட்டுக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். பிற்பகலில் காலை உயர்த்தி வைத்துப் படுக்கிறார். இப்போது இரவில் இரண்டு முறை எழுகிறார். சில நாள் மூன்று. சொட்டுவது இன்னும் முழுவதும் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தங்கும் நீர் குறையாவிட்டால் அறுவை பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். தெருக்காரருக்கு நடந்தது புற்றுநோய் அறுவைதான் என்று அவருடைய மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு அப்பா அறுவை என்ற சொல்லுக்கு முன்போல் முகம் சுளிப்பதில்லை.

அடுத்த மாதம் அவருக்கு வலக் கண்ணில் புரை அறுவை செய்வதாக இருந்தது. மருத்துவர் ஐயா இங்கே எழுதியதைப் படித்துக் கண் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னோம். நல்லவேளை சொன்னீர்கள் என்று குறித்துக்கொண்டார்.

நேற்று அப்பா தொலைபேசியில் அழைத்தார். என் மகளின் பிறந்த நாளுக்குச் சென்னை வர வேண்டும் என்றும், மன்னை விரைவு ரயிலில் கழிப்பறைக்கு அருகில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய் என்றும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்வது இதுவே முதல் முறை. இரண்டு கீழ்ப் படுக்கைகள் போட்டிருக்கிறேன், அம்மாவும் வருகிறார்.